ஓரத்தில் வைத்த அகரம்

என்னுடைய கைபேசி இன்னும் அரபு நாட்டில்தான் இருக்கிறது. நான் மணவாள நகரிலிருந்து காக்களூருக்கு ஷேர் ஆட்டோவில் போகிறேன், மடியில் சாப்பாட்டுப் பை, பக்கத்தில் முழங்கை இடிக்க ஆட்கள், வெளியே திருவள்ளூர் வெயில். திரையில் மட்டும் எல்லாம் வலமிருந்து இடமாக நடக்கிறது. மணி வலது மூலையில், பேட்டரி இடது மூலையில். முந்தைய பக்கத்துக்குத் திரும்ப வேண்டுமென்றால் அம்புக்குறி வலப்பக்கம் கைகாட்டும். ஒருநாள் பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி வெகுநேரம் எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாக்கா, உங்க போனு கண்ணாடில பாக்கற மாறி கீது?” என்று கேட்டாள். அரபு மொழியில் வைத்திருக்கிறேன், பழகிவிட்டது என்று சொன்னேன். நான் பேசியதைக் கேட்டதும் அவளுக்குக் கைபேசி மறந்துபோனது. “நீங்க கேரளாவா?” என்றாள். இல்லை, மட்டக்களப்பு என்றேன். அது கேரளாவில் எந்தப் பக்கம் என்று கேட்டாள். நான் இறங்கவேண்டிய இடம் வந்துவிட்டது.

மட்டக்களப்பில், ஊரில் இருக்கிற உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். தமிழ் கதைக்கிற நாட்டுக்குப் போனவளுக்கு என்ன தனிமை என்று அம்மாவே கேட்கிறாள். இந்தியா என்றால் உங்களுக்குக் கோயிலும் சேலைக் கடையும்தான் கண்ணில் வரும். நான் வந்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. நான் இருக்கிற இந்தியாவில் தகரக் கூரை போட்ட பட்டறைகளும் லாரிகளும் டீக்கடைகளும் இருக்கின்றன. கத்தாரில், தோஹா நகரத்தில் இருந்தபோது யாரும் என் பேச்சைப் புரிந்துகொள்வார்கள் என்று நான் எதிர்பார்த்ததில்லை. அதனால் வருத்தமும் இருந்ததில்லை. இங்கே கடைக்காரர் நான் தமிழ் பேசுகிறேன் என்று நம்பிக் காதைக் கொடுக்கிறார், இரண்டாவது வாக்கியத்தில் அவர் முகம் மாறுகிறது, “திருப்பி சொல்லும்மா” என்கிறார். சொந்த மொழியில் ஒருதரம் சொன்னது போதாமல் போகிறபோது வருகிற தனிமை வேறு மாதிரியானது. அதற்கு ஆறுதல் சொல்லவும் ஆள் கிடைக்காது, ஏனென்றால் அதையும் இரண்டுதரம் சொல்லவேண்டியிருக்கும்.

நான் இங்கே வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோஹாவில் நான் ஒரு டைப்பிங் சென்டரில் வேலை செய்தேன். அரசாங்க விண்ணப்பங்களை அரபியில் தட்டச்சு செய்து கொடுக்கிற சின்னக் கடை அது. அங்கே இருந்த சூடான் நாட்டுப் பெண்ணைப் பார்த்துப் பார்த்து எழுத்துகளைப் பிடித்துக்கொண்டேன். வாசிப்பேன், அடிப்பேன், பாதிச் சொற்களுக்குப் பொருள் இன்றைக்கும் தெரியாது. ஏசி பழுதுபார்க்கிற சேகர் ஒரு விண்ணப்பத்துக்காக அங்கே வந்தார். அவருடைய பெயரை ஆங்கிலத்திலும் மற்றதை அரபியிலும் நான் அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மொழி வலப்பக்கம் ஓட, மற்றது இடப்பக்கம் ஓட, நடுவில் போட்ட அடைப்புக்குறி திடீரென்று வரியின் அந்தக் கோடிக்குத் தாவியது. மேசைக்கு அந்தப் பக்கம் நின்று திரையை எட்டிப் பார்த்தவர், “உங்க எழுத்து ஓடிப் போவுது மேடம், புடிங்க” என்றார். நான் சிரித்துவிட்டேன். அதுவரை அந்தக் கடையில் நான் சத்தமாகச் சிரித்ததில்லை.

அடைப்புக்குறி ஏன் ஓடுகிறது என்று அவருக்கு விளக்கினேன். அதை இன்றுவரை யாருக்காவது விளக்கிக்கொண்டேதான் இருக்கிறேன். கணினிக்குள் அரபு எழுத்துக்கு ஒரு திசை உண்டு, ஆங்கில எழுத்துக்கும் தமிழ் எழுத்துக்கும் எதிர்த் திசை உண்டு. எண்களை அரபு வரிக்கு நடுவே போட்டாலும் அவை இடமிருந்து வலமாகத்தான் நிற்கும். ஆனால் அடைப்புக்குறி, முற்றுப்புள்ளி, இரண்டு சொல்லுக்கு இடையே விடுகிற வெற்றிடம், இவற்றுக்குச் சொந்தமாக ஒரு திசை கிடையாது. இரண்டு பக்கமும் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும். இரண்டு பக்கமும் அரபு என்றால் அரபோடு போகும். பக்கத்துக்கு ஒருவராக இருந்தால் முழுப் பத்தியும் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் சாயும். அதைப் பிடித்து நிறுத்த ஒரு குறி வைத்திருக்கிறார்கள். அந்தக் குறிக்கு உருவம் இல்லை, அச்சில் வராது, இடமும் அடைக்காது. அடைப்புக்குறிக்குப் பக்கத்தில் அதைத் தட்டிவிட்டால் போதும், தான் எந்தப் பக்கத்து ஆள் என்று அடைப்புக்குறிக்குத் தெரிந்துவிடும். சேகர் அதையெல்லாம் கேட்டுவிட்டு, “ஒண்ணுமே இல்லாத எழுத்துக்கு இவ்ளோ வேலையா?” என்றார். அதற்குப் பிறகும் ஏதாவது விண்ணப்பத்தைச் சாக்காக வைத்து அவர் வந்துகொண்டேயிருந்தார். எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் கல்யாணம் நடந்தது.

பிறகு விண்ணப்பங்களெல்லாம் ஆட்களின் கைபேசிக்கே போய்விட்டன. டைப்பிங் சென்டரை மூடினார்கள், என் விசாவும் அதோடு முடிந்தது. “எங்க ஊட்ல இரு. நானும் சீக்கிரமா வந்துடுவேன்” என்றார் சேகர். அப்படித்தான் மணவாள நகரில் அவர் வளர்ந்த வீட்டுக்கு நான் வந்தேன். அவர் நான் பழகிய நகரத்தில் இருக்கிறார், நான் அவர் பழகிய ஊரில் இருக்கிறேன். தொலைபேசியில் அவர் ஸ்டேஷன் பக்கத்து மிக்சர் கடை இன்னும் இருக்கிறதா என்று கேட்பார். நான் எங்கள் பழைய தெருவில் ரொட்டி விற்கிற எத்தியோப்பியப் பெண்கள் நலமா என்று கேட்பேன். ஒருவர் வீட்டை மற்றவர் பார்த்துக்கொள்கிறோம் என்று முதலில் அது இனிமையாகத்தான் இருந்தது.

வீட்டில் நானும் மாமியார் பூங்காவனமும். நல்ல மனுஷி. ஊருக்கு வெளியே கொஞ்சம் நெல் நிலம் இருக்கிறது, விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விட்டிருக்கிறார். மற்ற நேரமெல்லாம் தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பார். காலையில் “நாஷ்டா துன்னியா?”, மாலையில் “வந்துட்டியா?”. இரண்டுக்கும் ஆம் என்பேன். நான் புட்டு அவித்தால் ஒரு வாய் எடுத்துவிட்டு நல்லாயிருக்கிறது என்பார், பிறகு தனக்கு இட்லி ஊற்றிக்கொள்வார். ஒருநாள் நான் அம்மாவோடு தொலைபேசியில் கதைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தவர், “உங்க ஊருக்குப் போவணும்னா போய்ட்டு வாம்மா. நான் ஒண்ணியும் சொல்ல மாட்டேன்” என்றார். அது அன்பா, போனால் போ என்பதா என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் பக்கத்தில் என்றால் குரலை வைத்தே கண்டுபிடித்திருப்பேன். இங்கே குரலின் கணக்கு எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இந்தப் பொங்கலுக்கு வருகிறேன் என்றிருந்த சேகர், ஒப்பந்தத்தை இன்னொரு முறை நீட்டிக்கக் கேட்கிறார்கள் என்று சொன்னபோதுதான் எனக்கு உள்ளே ஏதோ கழன்றது. “நீ அங்க தனியா இன்னாத்துக்குக் கஷ்டப்படற? உங்க அம்மா ஊட்ல போய் இரு. நான் வர்றப்ப வா” என்றார். அவர் பரிவோடுதான் சொன்னார். ஆனால் நான் மட்டக்களப்புக்குப் போய்விட்டால் அவருக்கு இங்கே திரும்பி வர என்ன அவசரம் இருக்கும்? அவர் ஒரு நாட்டில், நான் ஒரு நாட்டில், நடுவில் காத்திருக்க ஆளில்லாத ஒரு வீடு. அதன்பிறகு அந்தக் கல்யாணம் மாலையில் வருகிற ஒரு தொலைபேசி அழைப்பாக மட்டும் மிஞ்சும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. எனக்கு இங்கே வேலை இருக்கிறது, வேலை இருக்கிறவரை இங்கேதான் இருப்பேன் என்று சொல்லிவிட்டேன். நான் பிடித்துக்கொண்டிருந்த கயிறு அந்த ஒரு வேலைதான்.

அது காக்களூர் தொழிற்பேட்டையில் ஸ்டிக்கர் அச்சடிக்கிற பட்டறை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தண்ணீர் சூடாக்குகிற ஹீட்டர் செய்கிற ஒரு கம்பெனிக்குக் கத்தாரிலிருந்து ஆர்டர் வந்திருந்தது. ஹீட்டரின் மேல் ஒட்டுகிற ஸ்டிக்கரில் ஆங்கிலமும் அரபும் வேண்டும். எங்கள் பட்டறையில் டிசைன் செய்கிற குமரேசன், கம்பெனி அனுப்பிய வரிகளை அப்படியே தன் பழைய மென்பொருளில் ஒட்டிப் பார்த்திருக்கிறார். அந்த மென்பொருளுக்கு இடமிருந்து வலம் தவிர வேறு திசை தெரியாது. கைகோத்து நிற்கவேண்டிய எழுத்துகள் தனித்தனியாகப் பிரிந்து, முதல் எழுத்து இடது கோடியில் போய் நின்றிருக்கிறது. கத்தார்க்காரர்கள் இது எந்த மொழி என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த நேரத்தில் யாரோ சொல்லி முதலாளி என்னைத் தேடிப் பிடித்தார். இரண்டு திசையும் தெரிந்த ஒரு மென்பொருளில் வரிகளை அமைத்து, எழுத்தைக் கோட்டோவியமாக மாற்றி, பிறகு குமரேசனின் மென்பொருளுக்குள் படமாகக் கொண்டுபோய் வைத்தேன். முற்றுப்புள்ளி ஓடுகிற இடங்களில் உருவமில்லாத அந்தக் குறியைத் தட்டினேன். பக்கத்தில் நின்று பார்த்த குமரேசன், “இப்ப இன்னாக்கா தட்டுன? ஒண்ணும் வரலியே” என்றார். வராது, ஆனால் இருக்கிறது என்றேன். “சாமி மாறியா?” என்றார். அந்தப் பட்டறையில் என்னிடம் விளையாட்டாகப் பேசுகிற ஒரே ஆள் அவர்தான்.

முதலாளி முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். “இந்த லாட்டு ஓக்கே ஆச்சுன்னா நீ பர்மனென்டுமா. திரும்பி வந்துச்சுன்னா அரபி சகவாசமே வாணாம், எனக்கு பேஜாரு.” நானும் சரி என்றேன். ஆகவே அந்த ஸ்டிக்கர் எனக்கு வெறும் ஸ்டிக்கராக இல்லை.

அச்சடிக்கிற முறையைக் கொஞ்சம் சொன்னால்தான் நடந்தது புரியும். இங்கே ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி ஃபிலிம், ஒளி ஊடுருவுகிற தாளில் கறுப்பு எழுத்து. மெல்லிய வலை கட்டி மருந்து பூசிய ஃப்ரேமின்மேல் ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டிக் கழுவினால், எழுத்து இருந்த இடத்தில் மட்டும் மருந்து கழன்று மை இறங்க வழி விடும். ஃபிலிமை எந்த முகம் மேலே இருக்க வேண்டுமோ அப்படி வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் விழும். எங்கள் ஸ்டிக்கரில் ஆங்கிலம் நீலம், அரபு எச்சரிக்கை சிவப்பு. சிவப்பு ஃபிலிமில் அரபு தவிர வேறு ஓர் எழுத்தும் கிடையாது. எண்கள்கூட அரபு எண்கள்தான்.

ஃபிலிம் தயாரான மறுநாள் நான் விடுப்பு. கணவரின் ஊரில் குடியிருந்தாலும் என் கடவுச்சீட்டு வேறு நிறம், ஆகவே தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கச் சென்னையில் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குப் போகவேண்டியிருந்தது. ரயிலில் செவ்வாப்பேட்டையில் ஏறிய பூக்காரம்மா ஒருவர் எங்கே போகிறாய் என்று கேட்டார். வெளிநாட்டுக்காரர்கள் பதிகிற ஆபீசுக்கு என்றேன். “எந்த நாட்டுக்குப் போற?” என்றார். போகவில்லை, இங்கே இருப்பதற்கு என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நல்லாத்தான தமிழ் பேசற” என்று சொல்லி ஒரு முழம் மல்லிகையை நறுக்கி என் கையில் வைத்தார். காசு வேண்டாம் என்றுவிட்டார். வரிசையில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அது என் தலையில் இருந்தது.

அடுத்த நாள் பட்டறைக்குப் போனால் ஸ்டிக்கர்கள் முடிந்திருந்தன. கும்மிடிப்பூண்டியிலிருந்து அவசரப்படுத்தினார்களாம். அச்சடித்து, வெட்டி, முந்தைய மாலையே முதல் தவணை போய்விட்டது. மேசையில் கிடந்த ஒன்றை எடுத்துப் பார்த்தேன். நீலம் சரியாக இருந்தது. சிவப்பில் என் கண் வழக்கம்போல வலது ஓரத்துக்குப் போய்த் தொடக்கத்தைத் தேடியது. அங்கே வரிகள் ஏற்ற இறக்கமாக முடிந்திருந்தன. நேர் ஓரம் இடப்பக்கம் இருந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றும் திரும்பி நின்றன. ‘தஹ்தீர்’ என்ற தலைப்பு, எச்சரிக்கை என்று பொருள், அது சுவரைப் பார்த்து நின்ற பிள்ளையைப்போல எனக்கு முதுகைக் காட்டியது. வாசிக்கத் தெரியாதவருக்கு அதில் ஒரு குறையும் தெரியாது. அழகான அரபு மாதிரியே இருந்தது.

ஃப்ரேம் போடுகிறவர் ஏழுமலை. பட்டறை திறந்த நாளிலிருந்து இருக்கிறவர், அவர் கையில் ஒரு ஃபிலிமும் இதுவரை மாறிப்போனதில்லை. அவரிடம் போய்ச் சிவப்பு ஃபிலிமை எப்படி வைத்தீர்கள் என்று கேட்டேன். “நேராத்தான் வச்சேன்” என்றார். “நீ குடுத்தது தலகீழா இருந்துச்சு. வரி நேரா இருக்கற பக்கம் லெஃப்ட்ல வரணும்ல? அது ரைட்ல இருந்துச்சு. நீ லீவு, கேக்கவும் முடில. சரின்னு திருப்பி வச்சு எடுத்தேன். நல்லவேள நான் பாத்தேன்.” அவர் என்னிடமிருந்து ஒரு நன்றியை எதிர்பார்த்தார். வாசிக்கத் தெரியாத மொழிகளை அவர் அப்படித்தான் அடித்திருக்கிறார்; தெலுங்கு, இந்தி எதுவானாலும் வரிகள் ஒழுங்காகத் தொடங்குகிற ஓரம் இடப்பக்கம். கவனக்குறைவால் வந்த பிழை என்றால் கோபித்திருப்பேன். இது முழுக் கவனத்தோடு செய்தது.

குமரேசனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. அவருக்கும் இது இரண்டாவது அடி. கையிலிருந்த மை டப்பாவை மூடி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “அக்கா, இந்த ஊர்ல அத்தப் படிக்கற ஆளு நீ ஒருத்திதான். நீ சொல்லலன்னா யாருக்கும் தெரியாது. அங்க போய் தெரிஞ்சாலும் அன்னிக்கி நீ லீவு. சொன்னா மொத அடி உனக்குத்தான்.” என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். அதுவும் உண்மைதான்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். சொன்னால் ஆர்டர் தாமதமாகும், முதலாளி சொன்னபடி அரபு வேலைக்கு முழுக்குப் போட்டுவிடுவார், நான் பெட்டியைக் கட்ட வேண்டும். சொல்லாவிட்டால் பெட்டிகள் கப்பலேறும், கொஞ்ச நாளாவது நான் இருப்பேன், பொங்கல் வரும், ஒருவேளை சேகரும் வருவார். அந்த ஸ்டிக்கரில் இருந்த முதல் வரியே தொட்டியில் தண்ணீர் நிரம்பாமல் சுவிட்சைப் போடாதே என்பதுதான். தோஹாவில் எங்கள் தெருவில் வீட்டுவேலை செய்த பெண்களை நினைத்தேன். ஆங்கிலம் அறியாத எத்தனையோ பேருக்கு அரபு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும், என்னைப்போலத்தான். யாரோ ஒருத்தி குளியலறையில் ஸ்டூல்மேல் ஏறி நின்று அந்தச் சிவப்பு வரிகளைப் படிக்கப் பார்ப்பாள். தனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சுவிட்சைப் போடுவாள். அந்த நினைப்பை என்னால் தாங்க முடியவில்லை. டப்பாவை மூடிவிட்டு முதலாளியின் அறைக்குப் போனேன்.

அவர் முதலில் நம்பவில்லை. நான் ஸ்டிக்கரைக் கண்ணாடி அலமாரியில் காட்டி, இப்போது பிம்பத்தில் தெரிகிறதே அதுதான் சரி என்றேன். அவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. “யம்மா, எனக்கு ரெண்டுமே கோணலாத்தான் தெரியுது. நீ சொல்றத நான் எத்த வச்சி நம்பறது?” என்று கத்தினார். அந்த நேரம் ஏழுமலை உள்ளே வந்தார். வெளியே நின்று கேட்டிருக்கிறார். “அந்தப் பொண்ணு சொல்றது சரியாத்தான் இருக்கும். நான்தான் திருப்புனேன்” என்றார். பிறகு முதலாளி வண்டிச் சாவியை எடுத்தார். ஏழுமலையைப் புது ஃப்ரேம் போடச் சொன்னார். என்னைப் பார்த்து, “நீ ஏறு, நீதான் எது எதுன்னு காட்டணும். மத்தத வந்து பேசிக்கலாம்” என்றார். அந்த ‘மத்தது’ என்ன என்று எனக்குத் தெரியும்.

பெரியபாளையம் வழியாகக் கும்மிடிப்பூண்டிக்குப் போனோம். நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபுறமும் நாற்று நட்ட வயல், பிறகு செங்கல் சூளை, பிறகு வரிசையாகப் புகைபோக்கிகள். தொழிற்சாலையில் ஹீட்டர்கள் வெள்ளை வெளேரென்று நின்றன, ஒவ்வொன்றின் வயிற்றிலும் எங்கள் ஸ்டிக்கர். ஒட்டியதை உரித்து எடுக்க ஒடிசாவிலிருந்து வந்த பையன்களையும் பெண்களையும் கொடுத்தார்கள். அவர்களிடம் சூப்பர்வைசர் என்னை “அரபி மேடம்” என்று அறிமுகப்படுத்திவிட்டுப் போய்விட்டார். அவர்கள் ஒரு நிமிடம் மரியாதையாக எழுந்து நின்றார்கள். பிறகு சூடான காற்றடிக்கிற கருவியை ஸ்டிக்கருக்கு நேரே பிடித்து ஓரத்தைக் கிளப்பக் கற்றுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தோம். என் பக்கத்தில் இருந்த பெண் உரித்த ஸ்டிக்கரைத் தூக்கிக் காட்டி, இது உங்கள் ஊர் எழுத்தா என்று இந்தியில் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். என் ஊர் எது என்று கேட்டாள். சிலோன் என்றேன், ஸ்ரீலங்கா என்றேன். அவளுக்கு அது விளங்கவில்லை. கடைசியில் கையால் கடலைப்போல அலை காட்டி, அதற்கு அந்தப் பக்கம் என்று காட்டினேன். அவள் உடனே புரிந்துகொண்டு தன் பக்கம் திரும்பி, ரயில் ஓடுவதுபோலக் கையை நீட்டி நீட்டிக் காட்டினாள். அவ்வளவு தூரம். அன்றைக்கு முழுதும் நாங்கள் அதற்குமேல் பேசவில்லை. ஆனால் நான் இந்த ஊருக்கு வந்த பிறகு, ஒருதரம் காட்டியதிலேயே ஒருவருக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

புதிய ஸ்டிக்கர்கள் அந்த வாரமே போய் ஒட்டப்பட்டன. அதற்கு முன் ஏழுமலை என் மேசைக்கு வந்தார். கையில் சிவப்பு ஃபிலிம். அதை என் முன்னால் வைத்துவிட்டு, “தினம் நீ இங்க இருப்பியா? ஒடம்பு சரியில்லன்னு ஒருநாள் நின்னுட்டன்னா?” என்றார். “ஓரத்துல, வெட்டுற கோட்டுக்கு வெளிய, எனக்குத் தெரிஞ்ச எழுத்து ஒண்ணு போட்டுக் குடு. அனா போடு. அத்த எவனும் திருப்பி வைக்கமாட்டான். அது நேரா இருந்தா எல்லாம் நேரா இருக்குன்னு வச்சிக்கினு நான் பாத்துக்கறேன்.” கணினியில் அவருக்கு எதிரிலேயே போட்டேன். அரபு வரிகளுக்கு வெளியே, கத்தி இறங்குகிற கோட்டைத் தாண்டி, சின்னதாக ஓர் அ. அந்த எழுத்தோடு புது ஃபிலிம் எடுத்துக் கொடுத்ததும் ஏழுமலை அதைச் சரியான முகத்தில் தானாகவே திருப்பிப் பிடித்தார். முதலாளியும் எட்டிப் பார்த்தார். ‘மத்தது’ பற்றி அவர் அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. மாதக் கடைசியில் குமரேசன் வந்து, அடுத்த லாட்டுக்கும் ஆர்டர் வந்திருக்கிறது என்று காதில் போட்டுவிட்டுப் போனார். அப்படித்தான் எனக்கு வேலை நிரந்தரமானது.

அன்று வீட்டுக்கு வந்து பூங்காவனம் அத்தையிடம் சொன்னேன். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். “அப்ப நீ ஊருக்குப் போவல?” என்றார். இல்லை என்றேன். “நாளைக்கு உங்க புட்டு செய்யி. தேங்கா நான் திருவித் தரேன்” என்றார். முன்பு போய்வரச் சொன்னது எந்தக் கணக்கில் என்று அப்போதுதான் பாதி விளங்கியது. மீதிப் பாதி இன்னும் இல்லை.

பிறகு சேகரிடம் பேசினேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். பொங்கலுக்கு இல்லை, அடுத்ததற்கும் சந்தேகம்தான். எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. அழுகைதான் வந்தது, அதையும் கேட்காதபடி அடக்கிக்கொண்டேன். நான் இங்கேயே இருக்கிறேன், எனக்கு வேலை இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். ஸ்டிக்கரின் படத்தை அனுப்பினேன். தோஹாவில் எந்தக் கடையிலாவது இந்த ஹீட்டரைப் பார்த்தால் எனக்குச் சொல்லுங்கள், நான் செய்தது என்றேன். அவர் பார்த்துவிட்டுக் கேட்டார்: “நல்லா கீது. இதுல எது ஆரம்பம்?” வலப்பக்கம், எப்போதும் வலப்பக்கம் என்றேன். இத்தனை வருடம் அங்கே இருந்தும் அவருக்கு அது தெரியாது. அவருக்குத் தெரியாமல் இருந்ததால்தானே அன்றைக்கு என் கடைக்கு வந்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது அடுத்த லாட் ஓடுகிறது. சிவப்பு காய்ந்ததும் தாள்களை அடுக்கி வெட்டுகிற இயந்திரத்தில் வைப்பார்கள். கத்தி இறங்கும்போது ஸ்டிக்கர்கள் ஒரு பக்கம் சரியும். அவை பெட்டியேறிக் கும்மிடிப்பூண்டிக்கும், அங்கிருந்து சேகர் இருக்கிற ஊருக்கும் போகும். ஓரத் துண்டுகள் மேசைக்கு அடியில் விழும். அப்படி விழுந்த ஒன்றை நேற்று குனிந்து எடுத்தேன். விரல் அகலத் தாள், அதில் சிவப்பில் என் அ. எங்கள் ஊரான களுவாஞ்சிக்குடியில் அரிசியில் எழுதிப் பழகிய அதே அ. சாப்பாட்டுப் பையில் அதை வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். மணவாள நகர் வருகிறவரை கைபேசியைத் திறக்கவில்லை.